முக்கா சுப்புவின் ஓட்டம்

கீழ்க்கட்டளையில் சுப்பராயலுவின் வீட்டுக்கு வழி கேட்டால், மொட்டைமாடியில் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பார்கள். மகள் பிறந்த வருஷம் இரண்டாவது மாடி எழுப்புகிறேன் என்று கிளம்பினார். தூண்வரைக்கும் வந்தது. மகளுக்குக் கல்யாணமாகி இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான், கம்பிகள் அப்படியே நிற்கின்றன. அவற்றில் கொடி கட்டிக் கங்கையம்மாள் துணி உலர்த்துகிறாள்.

மனிதர் எதைத்தான் முடித்தார்? பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் போகவில்லை. பயிர் வைத்த நிலமெல்லாம் மனையான காலத்தில் அண்ணன் ரத்தினம் சிமெண்டுக் கடை வைத்து நிமிர்ந்துவிட்டார். தம்பி ஆரம்பித்த டைல்ஸ் கடை போர்டு மாட்டியதோடு சரி. கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்குத் தஞ்சாவூர் கோபுரம் காட்டப் புறப்பட்டு, விழுப்புரத்தில் காபி குடித்துவிட்டுத் தலை வலிக்கிறது என்று திரும்பி வந்தவர். ஆரம்ப சூரர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் இவர் தலைவர். முக்கால்வாசி வந்ததும் கை கழுவிவிடுகிறான் என்று ரத்தினம்தான் 'முக்கா சுப்பு' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை மட்டும் ஊர் பாதியில் விடவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தைந்து வயதில் கிறுக்குப் பிடித்தது. மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் ஹரிபிரசாத் என்ற கம்ப்யூட்டர்காரன், சர்க்கரை குறையும் வாங்க அண்ணா என்று காலையில் ஓடக் கூட்டிப்போனான். ஒரு வருஷத்தில் அது கடல் நீச்சல், சைக்கிள், பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே நாளில் என்று முற்றிவிட்டது. அதற்குக் காசு கட்டிப் பெயர் வேறு கொடுக்க வேண்டுமாம். காசு கொடுத்து வெயிலில் காயும் ஜாதியைக் கங்கையம்மாள் அதுவரை பார்த்ததில்லை.

"இதையாச்சும் முடிச்சிடறேன் கங்கா. அண்ணன் வாயை மூடணும்" என்றார் போட்டிக்கு முதல் நாள்.

"மூடுவ, மூடுவ. முதல்ல மொட்டைமாடி கம்பியை மூடு" என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் ஹரிபிரசாத் போன் செய்தான். அவன் முடித்துவிட்டானாம். சுப்பு அண்ணன் நீச்சலும் சைக்கிளும் முடித்துவிட்டு, ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் கிடக்கிறாராம். நாலு மணிக்குப் போட்டியை மூடிவிடுவார்கள், வந்து கூட்டிப்போனால் நல்லது அக்கா என்றான். கங்கையம்மாளுக்கு ஆச்சரியமே இல்லை. ஆட்டோ பிடித்துப் போட்டி நடக்கும் கோவளத்துக்குப் போனாள்.

கடலோரச் சாலையில் உடம்போடு ஒட்டின சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பற்பசை மாதிரி எதையோ பிதுக்கிச் சப்பினார்கள். சோறு கிடைக்காத தேசத்தில் பிறந்ததுகளா என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, இடிந்த மதில் ஒன்றின்மேல் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

"இன்னா, குந்திகினியா? ஆட்டோ நிக்குது. ஏறு."

"இன்னும் மூணு கிலோமீட்டர்தான் கீது" என்றார். உதடு வெடித்திருந்தது.

"அதான் சொல்றேன். முக்காவாசி முடிஞ்சிச்சு இல்ல? உன் கணக்குக்கு அதோட சரி. கெளம்பு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மதிலைப் பிடித்து எழுந்து, ஆட்டோவுக்கு எதிர்ப்பக்கம் நடந்தார். நடை ஓட்டம் மாதிரி ஆனது. அவர் ஓட்டத்துக்கு இவள் நடையே போதுமாக இருந்தது. எப்படியும் விழுவார், விழுகிற இடத்தில் நாம் இருக்க வேண்டும் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே போனாள். சும்மாவும் போகவில்லை.

"பாலிடெக்னிக்ல போகாத அந்தக் கடைசி வருஷம் எங்கய்யா? டைல்ஸ் கடை எங்க? தஞ்சாவூர் கோபுரம் விழுப்புரத்துலயா கீது?"

ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். சட்டையில் நடுவர் என்று எழுதி, கீழே ஸஹானா என்று பெயர் போட்டிருந்தது.

"அம்மா, போட்டில இருக்கறவர் கூட வெளியாள் வரக்கூடாது. அவருக்கு ஹெல்ப் பண்ற மாதிரி ஆயிடும்."

"ஹெல்ப்பா? நான் திட்டிகினு வர்றேம்மா. காது கேக்கலியா?"

"திட்டினாலும் அதே ரூல்தாம்மா. திரும்பப் பாத்தா இவர் பேரை எடுத்துடுவேன்."

"எடுத்துக்கோ. ரோட்ல நடக்கறதுக்கு உன்னாண்ட சீட்டு வாங்கணுமா?"

சுப்பராயலு சாலையைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் போய்விட்டது. கங்கையம்மாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மாடி, பாதியில் நின்ற போர்வெல், பாதி கற்ற தவில் எல்லாம் வந்தன. ஒரு திருப்பத்தில் பார்த்தால் திட்ட மிச்சம் எதுவும் இல்லை, ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவளுக்குத் திக்கென்றது. வேறு வழியில்லாமல் மறுபடியும் பாலிடெக்னிக்கிலிருந்து ஆரம்பித்தாள்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டினார் சுப்பராயலு. கைதட்டினார்கள். ஒருவர் மெடலோடு வந்தார். பின்னாலேயே வந்த ஸஹானா மெடல் கொண்டுவந்தவர் காதில் ஏதோ சொன்னதும் மெடல் திரும்பிப் போய்விட்டது.

"ஸாரி சார். வெளியாள் கூட வந்ததால உங்க பேரை எடுத்துட்டோம். நீங்க முடிச்சதாக் கணக்கில்ல."

கங்கையம்மாள் பாய்ந்தாள். "கணக்கில்லியா? உங்க கண்ணு முன்னாடி ஓடி வந்தாரே, கண்ணு அவிஞ்சா போச்சு? இந்த ஆளு ஜென்மத்துல முடிச்சது இது ஒண்ணுதாம்மா. தப்பு பண்ணது நான். என்னை எடு."

"வுடு கங்கா" என்றார் அவர். "ரூல் எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சா என்னைத் தொரத்த வேண்டியதுதானே? மண்ணாட்டம் வந்த?"

"நீ திட்டலேன்னா அந்த மதுலு மேலயே குந்தினு இருந்திருப்பேன்."

ஆட்டோவில் ஏறினார்கள். முப்பது வருஷமாக முடிக்கவில்லை என்று இடித்த மனுஷனை, முடித்த அன்றைக்கு முடிக்காதவன் ஆக்கியது தன் வாய்தான் என்பது நெஞ்சை அறுத்தது. மடையனும்கூட, முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவர்மேலும் ஆத்திரம் வந்தது.

வீட்டு வாசலில் ரத்தினம் நின்றிருந்தார். தம்பி ஆட்டோவிலிருந்து காலைத் தூக்க முடியாமல் இறங்குவதையும் கழுத்து வெறுமையாக இருப்பதையும் பார்த்தார். அவருடைய வழக்கமான கேலிச் சிரிப்பு வந்தது.

"இன்னா சுப்பு, இதுவும் முக்காலா?"

சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். கங்கையம்மாள் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"முடிச்சிட்டாரு மாமா" என்றாள். "நான் கூடவே நடந்து பாத்தேன்."