அதுவரைக்கும் ஒண்டுமில்லை

டென்மார்க்கில் சட்டம் படிக்க எனக்குப் புள்ளிகள் போதவில்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எடுத்தது. நாங்கள் இருந்த ஹேர்னிங் நகரத்துத் தமிழ்ச் சனம் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டது. "பிள்ளை லண்டனிலை லோ படிக்குது" என்று அம்மா சொல்லித் திரிந்தார். நான் படித்த நகரம் லண்டனிலிருந்து மூன்று மணித்தியால ரயில் பயணம். சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. முதலாம் வருட விடுமுறைக்கு வந்தபோதே ஆட்கள் கடிதங்களோடு வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவருக்குக் கொம்யூனிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, வந்த கடிதம், இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் வேலிப் பிரச்சினை. டெனிஷ் சட்டம் எனக்கு ஒரு சொட்டும் தெரியாது என்றால், "சும்மா போ பிள்ளை, சட்டம் சட்டம்தானே" என்பார்கள். எரிச்சல் வரும். ஆனாலும் வாசித்துச் சொல்வேன்.

இரண்டாம் வருடம், நத்தார் விடுமுறை முடிகிற கடைசி நாட்கள். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த ஜனவரி. அப்பா துணி ஆலையில், அம்மா முதியோர் இல்லத்தில் காலை வேலையில். நான் குசினி மேசையில் ஒப்பந்தச் சட்டக் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணியளவில் வீட்டுப் போன் அடித்தது. இந்த நேரத்தில் ஆரடா என்று சினந்துகொண்டுதான் எடுத்தேன்.

"ஆர், பிள்ளையே? அக்கா நிக்கிறாவோ?"

மாமா. அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர், கலியாணம் செய்யாதவர். என்னை அவர் படத்தில்தான் கண்டிருக்கிறார்.

"அம்மா வேலைக்குப் போட்டா மாமா."

"ஓ... சரி, நான் பிறகு எடுக்கிறன். நீ லோ படிக்கிறியாமே?"

"ஓம்."

"நல்லாப் படி. எங்களுக்கு ஒரு லோயர் கட்டாயம் தேவைப்படும்." சிரித்தார். பின்னால் ஆரோ "கெதியா அண்ணை, கெதியா" என்று அவசரப்படுத்தினார்கள். போன் நின்றது.

நான் திரும்பவும் கட்டுரைக்குப் போனேன். அம்மாவின் வேலையிட நம்பர் பிரிட்ஜ் கதவில், என் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்தது. அதை அவருக்குக் கொடுத்திருக்கலாம். ஐந்து வினாடி வேலை. எனக்குத் தோன்றவேயில்லை.

பின்னேரம் அம்மா வந்ததும் சொன்னேன். மாமா பிறகு எடுக்கவில்லை.

மே மாதத்தில் போர் முடிந்தது என்று செய்தியில் சொன்னார்கள். இங்கிலாந்தில் என் விடுதி அறையில் கணினியில் பார்த்தேன். பார்த்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பல்லுக்கொதிக்கு விறைப்பூசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லைப்போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. இரண்டு நாளில் சாட்சியச் சட்டப் பரீட்சை. போய் எழுதினேன். நான்காவது கேள்வி, காணாமற்போனவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் எப்போது அனுமானிக்கும் என்பது. செய்தி கிடைக்கக்கூடிய ஆட்களுக்கு ஏழு வருடம் செய்தி இல்லை, முறையாக விசாரித்தும் தடயம் இல்லை என்றால் இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம். ஏழு வருடத்துக்கு முன் சட்டம் உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லாது, இறந்தார் என்றும் சொல்லாது. எல்லாம் சாட்சியத்தைப் பொறுத்தது. ஒரு வரி வெட்டாமல் எழுதினேன். அந்த வருடம் எனக்கு ஆகக் கூடிய புள்ளி கிடைத்ததும் அந்தத் தாளுக்குத்தான். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பரீட்சை முடிந்து ஹேர்னிங் வந்தபோது வீடு செத்த வீடுமில்லை, சாதாரண வீடுமில்லை. முகாம்களில் இருந்தவர்களின் பட்டியல்களில் மாமாவின் பெயர் இல்லை. ஒருவர் அவரைக் கடற்கரைப் பக்கம் கண்டதாகச் சொன்னார், இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். சனம் சாப்பாட்டுச் சட்டிகளோடு வந்து போனது. அப்பா தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி போட்டார். மாமாவின் படம் ஷோகேசில் மாலையில்லாமல் இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், கோயில் காரியங்களைப் பார்க்கிற அங்கிள் வந்தார். அப்பாவோடு ஒரே ஆலையில் வேலை செய்கிறவர், நல்ல மனிசன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கதையை எடுத்தார்.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்துங்கோ. நான் ஐயரோடை கதைச்சிட்டன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைச் செய்து போடுவம். செய்யாமல் விட்டால் அந்த ஆத்மாவெல்லோ அலையும்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எந்த நாளிலையிருந்து முப்பத்தொண்டு எண்ணுவியள் அண்ணை?"

அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது அம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வேலிப் பிரச்சினைக்காரர்கள் பார்க்கிற அதே பார்வை.

"பிள்ளை லோ படிக்குதுதானே, கேப்பம். உங்கடை சட்டத்திலை காணாமல் போன ஆளுக்கு என்ன சொல்லுது?"

நான் யோசிக்கவில்லை. விறைத்த வாய் பரீட்சைத் தாளைத் தமிழில் ஒப்புவித்தது. "ஏழு வருஷம் ஒரு செய்தியும் வராட்டில், செத்திட்டார் எண்டு எடுப்பினம்."

"ஏழு வருஷமோ?"

"ஓம்."

"அதுவரைக்கும்?"

அதுவரைக்கும் சட்டத்திடம் சொல்ல எதுவும் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். "அதுவரைக்கும் ஒண்டுமில்லை" என்றேன்.

பிள்ளை விழுந்தெழும்பினால், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால், எங்கள் சனம் சொல்கிற சொல் அது. அவனுக்கு ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ. அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"கேட்டியளே அண்ணை? அவனுக்கு ஒண்டுமில்லையாம். சட்டமே சொல்லுது."

நான் சொன்னது அதில்லை என்று திருத்தாமல், அங்கிளின் வெறும் கோப்பையை எடுத்தேன். அங்கிள் என்னைப் பார்த்தார். படித்த பிள்ளையோடு என்ன வாக்குவாதம் என்று நினைத்திருக்க வேண்டும். எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தியேட்டி நடக்கவில்லை.

அந்தச் சொல் ஹேர்னிங் முழுக்கப் பரவியது. தம்பியைத் தேடிய ஒருவர், மகளைத் தேடிய ஒரு தாய் என்று என்னை மறித்து, "ஏழு வருஷம் ஒண்டுமில்லையாமே?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன். திருத்தியிருக்க வேண்டும். அம்மாவிடம் அந்தக் கடைசி அழைப்பைப் பறித்தவள் நான், இதையும் எப்படிப் பறிப்பது?

அம்மா காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டார். பத்து மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக. ஏனென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரெல்லாம் வீட்டுப் போனை வெட்டிய பிறகும் எங்கள் வீட்டில் அதே போன், அதே நம்பர். யன்னல் போடச் சொல்லியும் மின்சாரம் மாற்றச் சொல்லியும் விற்பனைக்காரர்கள்தான் அதில் எடுப்பார்கள்.

நான் பட்டம் பெற்றேன். அந்தப் பட்டத்தோடு டென்மார்க்கில் வழக்காட முடியாது. ஓகூஸ் நகரத்தில் கொம்யூன் அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களை வாசிக்கிற வேலை கிடைத்தது. பட்டமளிப்புப் படத்தை அம்மா ஷோகேசில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த அழைப்புக்கு ஏழு வருடம் முடிகிற ஜனவரி வந்தது. அம்மா நாள் எண்ணுகிறவர் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க அவரை அழைக்காமல் ஒளித்துத் திரிந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவரே எடுத்தார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"பிள்ளை, முந்தநாள் காலமை வீட்டுப் போன் அடிச்சது. எடுத்து ஹலோ எண்டன். ஒருத்தரும் கதைக்கேல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைச்சிட்டினம்."

யன்னல்காரர்களாக இருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இந்த முறை நான் வீட்டிலை நிண்டனான்" என்றார் அம்மா.

நான் கையில் பிடித்திருந்த பாண் துண்டை மேசையில் வைத்தேன்.

"இனி அந்த ஏழு வருஷத்தை எதிலையிருந்து எண்ணுறது பிள்ளை?"

பேசாத ஒரு அழைப்பு எதற்கும் சாட்சியமாகாது. முதலாம் வருட மாணவிக்கும் தெரியும்.

"முந்தநாளிலையிருந்து அம்மா."

"அதுவரைக்கும்?"

ஏழு வருடம் வராத அழுகை அலுவலகச் சாப்பாட்டு அறையில், டெனிஷ்காரர்களுக்கு நடுவில், வெட்கமில்லாமல் வந்தது. அது போனில் கேட்காமல் இருக்க வாயைப் பொத்தி, மூச்சை அடக்கி, பிறகு கையை எடுத்தேன்.

"அதுவரைக்கும் ஒண்டுமில்லை அம்மா" என்றேன். இந்த முறை அவருக்கு விளங்குகிற கருத்திலேயே சொன்னேன்.