பிரேக் தெரியாத கால்

இந்த ஊரில் பேருந்தைவிட்டு இறங்குகிற எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். கிளாஸ்கோவுக்கு வந்து பேருந்து ஓட்டத் தொடங்கிய புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. காசு கொடுத்து ஏறியவர்கள் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? எங்கள் ஊரான கம்பத்தில் நான் ஜீப் ஓட்டிய காலத்தில், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் இறங்கும்போது தூக்குவாளியைச் சரிபார்ப்பார்கள், பின்னால் இடிப்பவளைத் திட்டுவார்கள், "சாயங்காலம் வெரசா வந்துரு தம்பி" என்பார்கள். நன்றி என்று ஒருத்தியும் சொன்னதில்லை. இப்போது நான் ஓட்டிய தடத்திலேயே பயணியாகப் போய்வருகிறேன். இறங்கும்போது நானும் நன்றிக்கு இவர்கள் சொல்வதுபோல "சியர்ஸ்" என்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஓட்டுநர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுகிறார்கள்.

போன பனிக்காலத்தில் தொடங்கியது. வலது பாதத்தில், சோடா பொங்குவதுபோல ஒரு குறுகுறுப்பு. பிறகு பாதம் மரத்தது. சில நாள் வரும், சில நாள் வராது. ஒரு காலையில் நிறுத்தத்தைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன், கால் அதன் விளிம்பில்தான் இருந்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வயதான அம்மாள் வழக்கம்போல நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். நான் வண்டியை அங்கேயே அணைத்துவிட்டுப் பணிமனைக்குப் போன் செய்தேன். காரணம் தெரியும்வரை ஓட்டக் கூடாது என்றார்கள். பேருந்துகளைக் கழுவும் இடத்தில் வேலை கொடுத்தார்கள்.

எங்கள் பகுதி மருத்துவர் ஓர் இளம்பெண். என் ஆங்கிலம் பயணிகளோடு பேசிப் பழகிய ஆங்கிலம். உடம்பைப் பற்றிப் பேச அதில் சொல் இல்லை. "என் கால் மரமாகிவிட்டது" என்றேன். "அதன்மேல் எறும்பு ஊர்கிறது" என்றேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "அந்த எறும்புகளை உங்களால் பார்க்க முடிகிறதா?" என்று மிக மென்மையாகக் கேட்டார். அன்று குறுகுறுப்பு இல்லாததால், "இன்றைக்கு இல்லை" என்றேன்.

நரம்பு மருத்துவருக்கான நீண்ட வரிசையில் என் பெயரைச் சேர்த்தவர், அதற்குள் மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். ஆலோசகர் நல்ல மனிதர். ஊரைப் பிரிந்த துக்கம் சிலருக்கு உடம்பில் இப்படி இறங்கும் என்றார். ஏக்கம் எனக்கு இல்லையென்று எப்படிச் சொல்வேன்? இத்தனை வருஷத்து ஏக்கம் வலது காலில் மட்டும் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. ஊருக்குப் போனால் சரியாகிவிடுமே. மனைவி சபீனாவும் "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

தேனியைத் தாண்டியதும் இரண்டு பக்கத்து மலைகளும் நெருங்கி வரும். உத்தமபாளையத்தில் ஜன்னல் காற்றில் வயல்வெளியின் ஈரம் வரும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றை வாங்கினேன். கம்பத்தில் வாசலுக்கு வந்த ஜொஹரா அக்கா என்னை வரவேற்கவில்லை. "என்னடா, காலை இழுத்து இழுத்து நடக்குற?" என்றாள். தேனியில் மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்ற டாக்டர், "ஆனா அங்கன பாக்குறதயும் விட்டுராதீக" என்றார். அக்கா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகள்ல. இங்கனயே இருந்துரு. சபீனாவையும் வரச்சொல்லு."

அக்கா வீட்டுக்காரர், மச்சான், இன்னமும் ஜீப் வைத்திருக்கிறார். ஒருநாள் விடியற்காலையில் சாவியை என் கையில் வைத்தார். "ஏலே சம்சு, கம்பம்மெட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா. கால் தன்னால வழிக்கு வந்துரும்." பின்னால் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே என் ஜீப்பில் வந்துகொண்டிருந்த பேச்சியம்மாக்காவும் இருந்தாள். "தம்பி ஓட்டுனா நான் தூங்கிக்கிட்டே போவேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிளட்சை மிதித்ததும் உடம்பு தானாக நிமிர்ந்தது. கடைத்தெருவைக் கடந்து, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போனபோது ஆலோசகர் சொன்னதே சரி, எல்லாம் இந்த ஊருக்கான ஏக்கம்தான் என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் வெகுகாலமாக இல்லை. முன்னால் மலை ஏறத் தொடங்கும் இடம் தெரிந்தது. ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று பிரேக்குக்குக் காலை நகர்த்தினேன். கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன்.

தன் காலைக் குனிந்து பார்க்கிறவன் கொண்டை ஊசி வளைவில் எதைப் பார்ப்பான்? வண்டியைக் கைபிரேக்கால் ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.

"என்ன தம்பி?"

"என்னால முடியலக்கா. காலு மரத்துப்போகுது."

அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டாள் பேச்சியம்மாக்கா.

"வலிச்சாக்கூடத் தேவலக்கா. இருக்குறதே தெரியல."

"நீ எறங்குனது நல்லதுய்யா. எங்களுக்கும் வீட்டுல புள்ளைக இருக்குல்ல" என்றாள். மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் வந்து, ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறினார். வண்டிச் சத்தம் அடங்கும்வரை பந்தல் ஓரமாகவே நின்றேன்.

அந்த வாரமே கிளாஸ்கோ ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த யாரோ வரவில்லையாம், அந்த இடத்தில் நரம்பு மருத்துவர் என்னைப் பார்க்க முடியுமாம். அக்கா அழுவாள் என்று பயந்தேன். அவள் பெட்டியில் துணியை மடித்து வைத்தாள். "போய்ப் பாரு. பேரு தெரியாத நோவை வச்சுக்கிட்டு எங்கன இருந்தா என்ன."

கிளாஸ்கோவில் நரம்பு மருத்துவர் காலணிகளைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலைப் பிடித்து மெல்ல அசைத்தார். மேலேயா கீழேயா என்று நான் சொல்ல வேண்டும். இடது காலுக்குச் சட்டென்று சொன்னேன். வலது காலுக்கு வந்ததும் இருட்டில் துழாவுவதுபோல இருந்தது. ஊகித்து ஊகித்துச் சொல்லிக்கொண்டே போனேன். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நான் தமிழில் "மேல, கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது என்னவென்று இன்னும் சொல்ல முடியவில்லை, மேலும் சோதனைகள் வேண்டும் என்றார். "ஆனால் உங்கள் கால் உணர்வை இழந்திருப்பது உண்மை." அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சலிக்காமல் சொன்னார்.

காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடைக்கூடத்து நாற்காலிக்கு வந்து அக்காவை அழைத்தேன்.

"என்ன சொன்னாக?"

"என்னன்னு தெரியலயாம்க்கா. ஆனா நெசந்தானாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னாள். உடனே தடுமாறி, "நெசம்னு சொன்னதுக்குப் போயி..." என்று நிறுத்தினாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்குப் பின்னால் கம்பத்தில் அந்தி நேரத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பாங்கு முடியும்வரை இருவரும் கேட்டோம். இங்கே ஜன்னலுக்கு வெளியே நண்பகல் மழை. இடது பாதத்துக்குக் கீழே இந்த நாட்டுத் தரை சில்லென்று இருந்தது. வலது பாதமும் அதே தரையில்தான் இருந்தது. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.