மத்தியானத் தூக்கமும் ரிசால்வர் மாற்றமும்

மதியம் இரண்டே முக்காலுக்குப் புதுச்சேரியில் போன் அடித்தால் அது ராங் நம்பராகத்தான் இருக்கும் என்று நம்பி வாழ்ந்தவன் நான். ஒரு மணிக்கு மூடும் கடைகள் நாலு மணிக்குத்தான் திறக்கும். முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆபீஸ் பராமரிக்கும் சர்வர்களுக்கும் அதுதான் ஓய்வு நேரம். மற்ற ஊர்க்காரர்கள் ராத்திரி கண்விழித்துச் செய்யும் மெயின்டெனன்ஸை நாங்கள் பட்டப்பகலில் சொகுசாகச் செய்வோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று போனில் மதாம் ஜோசபின். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துபவர். மொழிபெயர்த்த சான்றிதழ்களை எங்கள் கிளவுட் நெட்வொர்க்கில் ஓடும் சாஃப்ட்வேர் வழியாகத்தான் பிரான்ஸ் கல்லூரிகளுக்கு அனுப்புவார்.

"தம்பி, பைல் போக மாட்டேங்குது. கருவடிக்குப்பத்துப் பொண்ணு ஒண்ணோட அட்மிஷன் பேப்பர். அங்க பன்னெண்டு மணியோட க்ளோஸ், நமக்கு மூணரை. அவ அப்பா எதிர்லயே உக்காந்திருக்காரு."

"சைட் தொறக்குதா மதாம்?"

"அதெல்லாம் தொறக்குது. அனுப்பறப்பதான் எர்ரர் வருது."

ஒரு மணிக்குத்தான் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் செட்டிங்கில் பழைய ரிசால்வரின் முகவரியை எடுத்துவிட்டு, நாங்கள் அமைத்த புது ரிசால்வரின் முகவரியைப் போட்டிருந்தேன். ஒரு பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தருவதுதான் ரிசால்வரின் வேலை. சர்வர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து, சைட் திறப்பதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

உடன் வேலை பார்க்கும் கலைவாணி, "பழையதயே போட்டுடலாம் சார்" என்றாள்.

"போட்டா எல்லாத்தயும் மறுபடி ரீஸ்டார்ட் பண்ணணும். ஒரு மணி நேரம் ஆவும். இரு, பாக்கறேன்."

கை கழுவாமலே ஒரு சர்வரில் நுழைந்து எங்கள் டேட்டாபேஸின் பெயரைக் கேட்டேன், பதில் வந்தது. கல்லூரி சைட்டின் பெயரைக் கேட்டேன், வரவில்லை. புது ரிசால்வருக்கு எங்கள் வீட்டு ஆட்களை மட்டும்தான் தெரியும். வெளிப்பெயர்களை யாரிடம் கேட்பது என்று சொல்லும் ஃபார்வர்டரை நான் போடவே இல்லை. பழையதில் யாரோ எப்போதோ போட்டுவைத்திருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஃபார்வர்டரை இப்போது போட்டேன். இது ரிசால்வருக்குள்ளேயே செய்வது, சர்வர்களைத் தொட வேண்டியதில்லை.

"இப்ப அனுப்பிப் பாருங்க மதாம்."

மறுபடி அனுப்பினார். பிறகு, "போயிடுச்சு தம்பி. வந்து சேந்துச்சுன்னு மெயில் வந்துடுச்சு." மணி மூன்று ஐந்து.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். "ஊரே தூங்கற நேரம்னுதான் கை வெச்சேன் மதாம்."

"ஊரு தூங்கும். அங்க அப்பதான ஆபீஸே தொறக்கறாங்க?"

அவர் சொன்ன பிறகு, எந்தக் கஸ்டமர் எந்த ஊர் நேரத்துக்கு வேலை செய்கிறார் என்று கேட்காமல் நான் எதையும் மாற்றுவதில்லை. மாற்றிய பின் உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் கேட்டுப் பார்க்காமல் எழுந்திருப்பதும் இல்லை.

மறுநாள் அந்த அப்பா லட்டு டப்பாவோடு ஆபீஸுக்கு வந்து, "என் பொண்ணைக் காப்பாத்திட்டீங்க" என்றார். கெடுத்ததே நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் சார், மதாம் சொன்னாங்க. எடுத்துக்குங்க."