ஒரே பலகை முதுகு

தையல் ஆலையின் பணிப் பதிவேட்டில் அவளைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது: "அளவு சரிபார்ப்பவர். அமைதியானவர். சொன்னதைச் செய்வார்; தாமாக முடிவெடுக்கும் இயல்பு குறைவு." எழுதிய மேலாளர் அவளை ஆலைக்குள் மட்டும் பார்த்தவர். அவள் கணவரிடம் யாராவது அதைப் படித்துக் காட்டியிருந்தால், வேறு யாரோ ஒரு பெண்மணி என்று நினைத்து, அவளைக் கட்டியவன் கொடுத்துவைத்தவன் என்று பெருமூச்சு விட்டிருப்பார்.

அவர்கள் வீட்டில் கடையில் புதிதாக வாங்கிய மரச்சாமான் ஒன்றுகூடக் கிடையாது. சாப்பாட்டு மேசை, மூடிப்போன ஒரு நூலகத்திலிருந்து வந்தது. அதன் விளிம்பில் "பேசாதீர்" என்ற எழுத்து அழியாமல் இருக்கும். குடும்பச் சண்டைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கும். கூடத்து நாற்காலிகள் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடந்தவை. உட்கார்ந்ததும் விருந்தாளிகளின் முகம் ஏனோ வாடிவிடும். எதை வாங்குவது, எங்கே போடுவது எல்லாம் அவள் முடிவு; உளியும் ரம்பமுமாகச் செப்பனிடுவதும் அவளே. பேருந்துப் பணிமனையில் எழுத்தரான கணவர் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவதோடு சரி.

அந்த அலமாரி மட்டும் வேறு ரகம். நூறு வயதுத் தேக்கு, இரட்டைக் கதவு, ஆளுயரம்.

"முதுகைப் பாருங்கம்மா, ஒட்டே கிடையாது. ஒரே பலகை. இந்த மாதிரி மரம் இனிமே முளைக்கவே முளைக்காது" என்றார் பழைய சாமான் கடைக்காரர்.

அதன் பிறகு இரண்டு வருடம், வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்து அந்த முதுகைத் தடவிவிட்டு வருவது அவள் வழக்கமாயிற்று.

"கட்டினவன் முதுகுக்கு இந்தக் கவனிப்பு இல்ல" என்பார் கணவர்.

"உங்க முதுகுல எத்தனை ஒட்டுன்னு எனக்குத்தானே தெரியும்."

கடைசியில் வாங்குவது என்று முடிவானதும் அளக்க வேண்டியிருந்தது. நாள் முழுதும் புது நாடாவால் அளக்கிறவளின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கிழட்டு நாடா. அதன் முதல் நான்கு அங்குலம் தேய்ந்து அறுந்து எப்போதோ போய்விட்டது. அதனால் என்ன? கணவர் நாடாவில் தெரிவதை அப்படியே படிப்பார், அவள் மனதுக்குள் நாலைக் கழித்துக்கொள்வாள். பதினெட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. மாடியிலிருந்த அவர்கள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டின் அகலம் முப்பத்துநாலு என்று அப்படித்தான் தெரிந்தது. அலமாரியை அளந்த அன்று கணவருக்கு என்ன தோன்றியதோ, நாடா நாற்பது காட்ட, நாலைத் தாமே கழித்து "முப்பத்தாறு" என்றார். அவள் வழக்கம்போல் இன்னொரு நாலைக் கழித்தாள். முப்பத்திரண்டு. தாராளமாகப் போகும். இத்தனை வருட இல்லறத்தில் அவர் கேட்காமல் செய்த உதவி அது ஒன்றுதான்.

அலமாரி வந்த நாளில் மகளுக்குச் செவிலியர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு. போன வருடம் காய்ச்சலில் தவறியது. வயது வரம்புப்படி இந்த வருடமே கடைசி. ஒன்பதே முக்காலுக்கு வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். ஆட்டோவில் கால் மணி நேரம்.

எட்டரைக்குச் சுமைக்காரர்கள் நான்கு பேர் தூக்கினார்கள். சாய்த்துப் பிடித்ததில் பாதி தூரம் ஏறிவிட்டது, அதுதான் வினை. வளைவில் ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் இரும்புக் கைப்பிடியையும் கவ்விக்கொண்டு, புட்டியில் தக்கை மாதிரி நின்றுவிட்டது. மேலே போகவில்லை, கீழே வரவில்லை. இடைவெளியில் ஒரு பூனை நுழையலாம், அதுவும் பட்டினி கிடந்த பூனை. வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு படிக்கட்டு. கணவரும் சுமைக்காரர்களும் கீழ்ப்பக்கம். அவளும் மகளும் மேல்பக்கம்.

"அகலம் எவ்வளவுன்னு சொன்னீங்க சார்?" என்றார் சுமைக்காரர்களில் மூத்தவர்.

"முப்பத்திரண்டு" என்று மனைவியின் கணக்கைச் சொன்னார் கணவர்.

அவர் கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார். "முழுசா நாலு சாண் இருக்கே சார். முப்பத்தாறு."

கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. அலமாரிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, நாலைக் கழிச்சுட்டா சொன்னீங்க?"

"உனக்கு எதுக்குச் சிரமம்னு..."

"அடப்பாவி மனுஷா!"

"அப்பா, மணி ஒன்பது!" மகள் மறுபக்கத்திலிருந்து அலமாரியைத் தட்டினாள்.

"கடைக்காரருக்குப் போன் பண்ணிட்டேன். முக்கால் மணியில வந்துடறேன்னார்."

சற்று நேரத்தில் டக், டக் என்று உளிச் சத்தம். அப்புறம் கர்ர், கர்ர். பக்கத்து வீட்டில் ஏதோ மராமத்து என்று நினைத்தவர், சந்தேகம் வந்து அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. தட்டுகளை முன்பே கழற்றியிருந்தார்கள். எதிரே முதுகுப் பலகையிலிருந்து ரம்பத்தின் முனை எட்டிப் பார்த்தது, உள்ளே போனது, மறுபடி எட்டிப் பார்த்தது. மரத்தூள் அவர் செருப்பில் கொட்டியது.

"ஏய்! அது ஒரே பலகை!"

"தெரியுது. அதான் நேரமாகுது."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். ரம்பம் நிற்கவில்லை. ஒன்பது இருபத்தைந்துக்கு ஒரு சதுரம் பெயர்ந்து உள்பக்கம் விழுந்தது. தலையெல்லாம் மரத்தூளும், பல்லில் கவ்விய அனுமதிச் சீட்டுமாக மகள் அலமாரிக்குள்ளிருந்து வெளியே வந்து, சுமைக்காரர்களைத் தாண்டி, தெருவுக்கு ஓடினாள். மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாற்பதுக்குக் கடைக்காரர் வந்தார். ஓட்டையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து மரச்சுத்தியை எடுத்து, மூலைகளில் இருந்த நான்கு ஆப்புகளைத் தட்டினார். அலமாரி ஆறு துண்டாகக் கழன்று, சாதுவாகச் சுவரில் சாய்ந்தது.

"நூறு வருஷத்துல எத்தனை வீடு மாறியிருக்கும்? எப்படிம்மா போயிருக்கும்னு நினைச்சீங்க?"

"இதை நேத்தே சொல்லக் கூடாதா?" என்று கத்தினார் கணவர்.

"அளந்துட்டோம், தாராளமாப் போகும்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். வெட்டுப்பட்ட பலகையை ஒரு தடவை தடவினாள். உள்ளங்கையில் சிலாம்பு ஏறியது. கையை உதறிக்கொண்டு மணி கேட்டாள். அதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது: உள்ளே போய்விட்டாள்.

அன்று காலை இருபது நிமிடத்தில், இரண்டு வருடமாக ஆசைப்பட்ட அலமாரியின் முதுகை அறுத்து, அந்த வழியாக அவள் மகளைத் தேர்வுக்கு அனுப்பினாள்.