முழங்காலளவு தண்ணீரில் எடுத்த படம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சராக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டிக் கேமரா வாங்கினேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்றாள் அம்மா. அண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கூட வேலை பார்த்த டீச்சருக்குத் தொண்டிக்குத் தெற்கே சொந்த ஊர். மாதா கோயில் திருவிழாவுக்கு என்னையும் அழைத்துப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே மணலில் வெகுதூரம் நடந்தோம். மறுநாள் விடியற்காலையில்தான் அந்தக் கடலைப் பார்த்தேன். பிறை மாதிரி உள்வாங்கிய கரை. அலையே இல்லை. ஒரே ஒரு வள்ளம். கரையில் நின்றால் வளைவு முழுசாக அகப்படவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினேன். கேமராவை வயிற்றோடு அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பன்னிரண்டு படங்களில் ஒன்றுதான் தேறியது.

ஒரு வாரப் பத்திரிகையின் போட்டிக்கு அதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். முதல் பரிசு. அட்டைப் படமாகவே வந்தது. கீழே அண்ணன் பெயர். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"உனக்கு வரன் பாத்துட்டிருக்கோம். கேமராவத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையற பொண்ணுன்னா எவன் வருவான்?" என்றார் அண்ணன்.

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் மாட்டியிருந்த படத்தையே பார்த்தார்கள். "எங்க நின்னு எடுத்தீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். அண்ணன் விழித்தார்.

"தண்ணிக்குள்ள நின்னு" என்றேன், காபித் தட்டோடு.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "நீயும் போயிருந்தியாம்மா?"

"இவ எங்கங்க போவா? நான் சொல்லிக் கேட்டது" என்று அண்ணன் சிரித்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணனைக்கூட மன்னித்திருப்பேன். அப்படிக் குனிந்த என்னை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. அண்ணனின் பரிசு அதே படம், தேக்குச் சட்டம் போட்டு, மூலையில் அவர் கையெழுத்தோடு. வருஷக்கணக்காக அந்தக் கண்ணாடியை நான்தான் துடைத்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "கூடப்பொறந்தவன் பேர் வாங்கினா உனக்கு ஏன் எரியுது?"