அண்ணி வெட்டிய வழி

அந்த வண்டியில் உட்கார இடம் கிடையாது. இரண்டு இரும்புச் சக்கரங்கள், நடுவே பச்சைச் சாயம் பூசிய ஒரு மோட்டார், பின்னால் மேழி போல நீண்ட இரண்டு கைப்பிடிகள், முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி. கத்தி என்றால் ஒற்றை அலகு இல்லை. சீப்பின் மேல் சீப்பை வைத்தது போல இரண்டு பல்வரிசை. கீழ்வரிசை அசையாது. மேல்வரிசை இடமும் வலமுமாகப் பறக்கும். நடுவில் சிக்கிய புல்லுக்குத் தான் வெட்டுப்பட்டதே தெரியாது, அப்படியே நின்று யோசித்துவிட்டுப் பிறகுதான் சாயும். ஓட்டுகிறவர் பின்னாலேயே நடக்க வேண்டும். நடப்பது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஓட வேண்டும். புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் அண்ணி அதன் பின்னால் ஓடியதை இன்றைக்கு நினைத்தாலும் என் நெஞ்சு அந்த மோட்டாரைப் போலவே படபடவென்று அடித்துக்கொள்கிறது.

முதலியார்பேட்டையின் கடைசி வீடுகளில் ஒன்று எங்களுடையது. கொஞ்சம் நிலம், நாலைந்து மாடு. பால் ஊற்றுவது கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களில். எங்கள் நிலத்தை அடுத்து ஒரு பிரெஞ்சுக்காரரின் தோட்டம் இருந்தது. அவரை எல்லாரும் முசே என்றுதான் சொல்வோம். என் அண்ணன் அவரிடம் வேலைக்கு இருந்தார். அந்த வண்டி அவர் கப்பலில் வரவழைத்தது. கத்தியைக் கிடையாக வைத்தால் புல் வெட்டும். நாலு திருகைக் கழற்றிப் பக்கவாட்டில் நிமிர்த்தி மாட்டினால் வேலியை மட்டம் தட்டும். அவர் வாயில் அதன் பெயர் ‘ஃபோஷேஸ்.’ எங்கள் வாயில் அது போசேசு. பிரெஞ்சுக்காரர்கள் ஊர் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் முசே பியானோவையும் நாய்களையும் கப்பலேற்றினார். வண்டியை மட்டும் அண்ணனிடமே விட்டுவிட்டார். அண்ணனுக்கு மில்லில் வேலை கிடைத்தது. போசேசு எங்கள் மாட்டுக்கொட்டகையில், சாக்கு போர்த்திக்கொண்டு, வைக்கோலுக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவே சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கும் எதையும் அண்ணியால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒருநாள் அண்ணன் மில்லுக்குப் போன பிறகு சாக்கை உருவி எறிந்தாள். “அவரு பெட்ரோல் ஊத்தறதப் பாத்துருக்கேன். கயிறு சுத்தறதப் பாத்துருக்கேன். இன்னும் இன்னாடி இருக்குது, பாப்பா?” என்றாள். எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயது. ஆனாலும் அவளுக்கு நான் பாப்பாதான். நான் பயந்துபோய்த் தொழுவத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தாள். இருமல். இன்னொரு இழுப்பு. புகை. அடுத்த இழுப்பில் கொட்டகையே அதிர்ந்தது. மாடுகள் கட்டுத்தறியைப் பிய்க்கப் பார்த்தன. அண்ணி கைப்பிடியைப் பிடித்தாளா, கைப்பிடி அண்ணியைப் பிடித்ததா என்று சொல்லத் தெரியவில்லை. வண்டி கொட்டகையை விட்டுப் பாய்ந்து, கத்திரிப் பாத்திக்குள் இறங்கி, காய்த்துக்கொண்டிருந்த செடிகளை மொட்டையடித்து, கிணற்று மேட்டில் முட்டி நின்றது. அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் மண். எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள். “ஓடுதுடி! ஓடுது!”

அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு ஏன் இவ்வளவு என்று அண்ணன் கேட்டார். நாங்கள் சொல்லிவிட்டோம். திட்டுவார் என்று பார்த்தால், எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், நிறுத்தும் பிடி எது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். “ஓட்டறதுக்கு முன்னாடி நிறுத்தறதக் கத்துக்க” என்றார். அவ்வளவுதான்.

மாட்டுக்குப் புல் வெட்டத்தான் அவளுக்கு ஆசை என்று நான் நினைத்திருந்தேன். அவள் கண் வேறெங்கோ இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் நிலத்தின் கடைசி வரப்போடு பிரெஞ்சு மண் முடிந்துவிடும். அதற்கு அப்பால் இந்தியா. நடுவில் முள்வேலி. முதலில் கம்பிதான் இழுத்திருந்தார்கள். பிறகு கொடுக்காப்புளியும் சப்பாத்திக்கள்ளியும் காரைமுள்ளும் அதன்மேல் ஏறிப் பின்னி, ஆள் உயரத்தைத் தாண்டி, நாலைந்து வண்டி அகலத்துக்குத் தடித்து, நாய் நுழைய இடமில்லாத சுவராகிவிட்டது. அண்ணியின் பிறந்த வீடு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். அவளுடைய அம்மா அடுப்பு மூட்டினால் புகை இங்கே தெரியும். சேவல் கூவினால் கேட்கும். ஆனால் போக வேண்டுமென்றால் ரோட்டைப் பிடித்து, சோதனைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு, அரைப் பகல் நடை.

அண்ணி கல்யாணமாகி வந்த வருஷம், அவளுக்குத் தலைப் பொங்கல். அவளுடைய அப்பா, அவளுக்கு நைனா, சீர் எடுத்துக்கொண்டு அந்தச் சாவடி வழியாக வந்தார். புது அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, வேட்டி புடவை. கெடுபிடி அதிகமாக இருந்த நாட்கள் அவை. அரிசி மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டச் சொன்னார்களாம். புடவையை உதறிப் பார்த்தார்களாம். கடைசியில் அவருடைய தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார்களாம். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் தலைப்பாகையோடு எழுந்து நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், அப்படிப்பட்ட மனிதர். வண்டிகள் வரிசையாக நிற்க, தெரிந்தவர்கள் எல்லாரும் பார்க்க, மூன்று முழத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். பிறகு சீரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். “இனிமே அந்த வழியில என் காலு படாது” என்றார். படவில்லை. அண்ணி பிரசவத்துக்கு அங்கே போனாள். பேரனைத் தோளைவிட்டு இறக்காமல் வைத்துக்கொண்டார். ஆனால் மகள் வாழும் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஒப்படைப்புக்குப் பிறகு சாவடியைப் பிரித்துவிட்டார்கள். அண்ணி ஓட்டமாக ஓடி அவரைக் கூப்பிட்டாள். “சாவடி போயிருக்கும். வழி அதேதானே?” என்று சொல்லிவிட்டார். அண்ணி அழுதுகொண்டு திரும்பி வரவில்லை. யோசித்துக்கொண்டு வந்தாள்.

மார்கழி மழை ஓய்ந்து நிலம் கால் புதையாத பதத்துக்கு வந்ததும், அவள் கத்தியை நிமிர்த்தி மாட்டச் சொன்னாள். அண்ணன் திருகை முடுக்கிக்கொண்டே, “யோசிச்சுத்தான் செய்றியா?” என்றார். “அந்த வழி வேணாம்னா வேற வழி போட்டுத்தர்றேன். அதுல இன்னா யோசனை?” என்றாள். அவர் இன்னொரு திருகை முடுக்கினார்.

முதல் நாள் போசேசு வேலியின் ஓரத்தில் நடந்தபோது வேலி முழுவதும் பச்சை மழையாகக் கொட்டியது. கொழுந்துக் கிளைகள், முள், பழுத்த கொடுக்காப்புளிச் சுருள்கள், எங்கிருந்தோ ஒரு பழைய குருவிக்கூடு. நான் கவைக்கோலால் முள்ளை இழுத்து ஒதுக்கிக்கொண்டே பின்னால் ஓடினேன். ஒரு தடவை போய் வந்தால் ஒரு சாண் உள்ளே போயிருப்போம். திரும்பவும் அதே இடத்தில், இன்னும் ஒரு சாண். கிளையைத்தான் வண்டி வெட்டும். பருத்த அடிமரத்தை அண்ணன் மில்லிலிருந்து வந்து கோடாலியால் சாய்ப்பார். என் கையெல்லாம் கீறல். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பால்காரர் வீட்டு மருமகள் மெஷின் ஓட்டுகிறாள் என்று தெருவே வரப்பில் வந்து நின்றது.

அடுத்த நாள் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எங்களிடம் பால் வாங்குகிறவர்தான். ஆனால் அன்று தொப்பி போட்டிருந்தார்.

“யாரக் கேட்டும்மா வெட்றீங்க?”

அண்ணி மோட்டாரை நிறுத்தினாள். “யாரக் கேட்டுண்ணே வளத்தாங்க?”

அவர் வேலியைப் பார்த்தார். அந்தப் பக்கம் எந்த ஸ்டேஷன், இந்தப் பக்கம் எந்த ஸ்டேஷன், இப்போது இரண்டும் ஒன்றா, வேறா என்பதை அவரே யோசிப்பது முகத்தில் தெரிந்தது. “எதுக்கும் மேல கேட்டுட்டு வந்துடறேன்” என்றார்.

“கேட்டுட்டு வாங்க. மோர் எடுத்து வெக்கிறேன்.”

அவர் திரும்பி வரவே இல்லை. கேட்டாரா என்பதும் தெரியாது. மறுநாள் காலை பால் வாங்க வந்தபோது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாதி வேலிக்கு மேல் போயிருப்போம், கத்தியில் படாரென்று ஒரு சத்தம். உள்ளே புதைந்துபோயிருந்த பழைய முள்கம்பி பல்லில் மாட்டிக்கொண்டது. வண்டி துள்ளி ஒருபக்கமாகச் சாய, அண்ணி கைப்பிடியோடு சேர்ந்து இழுபட்டாள். நல்லவேளை, நிறுத்தும் பிடி அவள் கையில் இருந்தது. கத்தியில் இரண்டு பல் முறிந்து தொங்கியது. முசே இருந்திருந்தால் பிரான்சிலிருந்து வரவழைத்திருப்பார். நாங்கள் யாரிடம் போவது? அண்ணி முதல் தடவையாக அங்கேயே முள்ளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. “அவ்ளோதானா பாப்பா?” என்று கேட்டாள்.

மோட்டார் நின்ற அந்த அமைதியில்தான் அது கேட்டது. டொக். டொக். முதலில் மரங்கொத்தி என்று நினைத்தேன். அண்ணி தலையைத் தூக்கினாள். சத்தம் வேலிக்கு உள்ளே இருந்து வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வெட்டுகிறார்கள்.

“யாரு அது?” என்று கத்தினாள்.

வெட்டுச் சத்தம் நின்றது. “ஏன் மெஷின நிறுத்திட்ட?” என்றது ஒரு குரல். “நாலு நாளா அந்தச் சத்தத்த வெச்சுத்தான வெட்டிக்கிட்டு வரேன். நிறுத்திட்டா எந்தப் பக்கம்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நைனா!”

“ஆமா. வழி ஒரு பக்கமாவே வருமா?”

அண்ணி எழுந்த வேகம் இருக்கிறதே! முறிந்த பற்களைக் குறடால் பிடுங்கி எறிந்தாள். கம்பியை நானும் அவளும் சேர்ந்து முறுக்கி முறுக்கி ஒடித்தோம். பல்லுப்போன கத்தியோடு போசேசு மறுபடி உறுமியது. அது வெட்டாமல் விட்ட கிளையை நான் அரிவாளால் வெட்டினேன். அவள் நைனா, நைனா என்று மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டே ஓட்டினாள். பொழுது சாய்கிற நேரத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு கை. பிறகு வியர்வையில் நனைந்த ஒரு தலைப்பாகை.

இடையில் இடுப்பளவு முள் மட்டும் மிச்சம். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்துவிடுவார் என்று நான் காலடியில் கிடந்ததை ஒதுக்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “வெறுங்கையோட வரமாட்டேன்” என்று சொல்லி, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அன்று இரவு அண்ணி தூங்கவில்லை.

போகியன்று விடியற்காலையில் மிச்சமிருந்ததையும் சாய்த்து, வெட்டிப் போட்ட முள்ளையெல்லாம் குவித்து நெருப்பு வைத்தோம். இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு பெரிய போகி நெருப்பை முதலியார்பேட்டை பார்த்திருக்காது. மறுநாள் பொங்கல் பானை பொங்கும் நேரத்துக்கு, கரிந்து கிடந்த அந்த இடைவெளி வழியாக நைனா வந்தார். முன்னால் மேளம், பின்னால் பங்காளிகள், பெண்கள் தலைகளில் தாம்பாளம். அவர் தலைமேல் அரிசி மூட்டை; அதை யாரிடமும் கொடுக்கவில்லையாம். தலைப்பாகை நேராக இருந்தது. அண்ணி காலில் விழுந்தபோது, “நல்லா அகலமாத்தான் வெட்டியிருக்க” என்றார். அண்ணன் மூட்டையை இறக்க ஓடினார்.

அந்த இடைவெளி வண்டிப் பாதையாகி, மண் ரோடாகி, இப்போது தார் ரோடு. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், ஒரு மருந்துக்கடை, ஒரு செல்போன் கடை. போன மாதம் அந்த வழியாக ஆட்டோவில் போனேன். இங்கே ஒரு வேலி இருந்தது என்றேன். ஆட்டோ ஓட்டிய பையன், “அப்படியா பாட்டி” என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்தான். அது போதும் எனக்கு. வழி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பொங்கலன்று நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அண்ணி இத்தனை வருஷம் காத்திருந்தது தன் கையால் அவருக்கு ஒரு வாய் சோறு போடத்தான். தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு திரும்பினால் இலைக்கு முன்னால் ஆள் இல்லை. கொட்டகையில் நின்றிருந்தார். கத்தியைத் திரும்பக் கிடையாக மாட்டி வைத்திருந்த போசேசை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கத்தியின் பல்லைத் தடவி, “இதுதான் அந்தச் சத்தமா?” என்று என் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அடுத்த கணம் நைனா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் புல்வெளியில் வண்டிக்குப் பின்னால் ஓடினார். பேரன் அவருக்குப் பின்னால் ஓடினான். பங்காளிகள் அவனுக்குப் பின்னால். புல் இரண்டு பக்கமும் சாய்ந்தது. அண்ணி கரண்டியோடு வாசலில் நின்று, சிரிப்பும் கண்ணீருமாக, தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நைனா! சோறு ஆறுது! நைனா!”

மோட்டார் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை.