மர மேடையும் தொடை எலும்பும்

கருவில் எலும்பு எப்படி உருவாகிறது என்று கல்லூரியில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். கரும்பலகையின் மேல் பாதி எனக்கு எட்டாது. மர மேடையை இழுத்துப் போட்டு, ஏறி நின்றுதான் படம் வரைவேன். முதலில் வருவது குருத்தெலும்பு, பிறகுதான் எலும்பு. குருத்தெலும்புச் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கி, வளரு என்றோ போதும் என்றோ செல்லுக்குச் சொல்பவை அவை. போதும் என்கிற ஏற்பி ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் கைகால் குட்டையாகிவிடும். இந்த இடத்தில் மாணவிகள் கொட்டாவி விடுவார்கள்.

நான் கர்ப்பமாக இருந்தபோது, ஸ்கேனில் குழந்தையின் தொடை எலும்பு கொஞ்சம் சின்னதாகத் தெரிவதாகவும், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும் டாக்டர் அம்மா சொன்னார். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு இளநீர் குடிக்கப் போயிருப்பார்கள். நான்தான் படித்தவளாயிற்றே. ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்த ஏற்பியின் முழு வரலாற்றையும் கணவரிடம் ஒப்பித்துவிட்டேன். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதெல்லாம் டாக்டர் சொன்னதா, நீயாகச் சொல்வதா என்றார். எரிந்து விழுந்தேன்.

வளைகாப்பில் எல்லோரும் எனக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருக்க, நான் வயிற்றைத் தடவி, தயவுசெய்து கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு என்று அந்த ஏற்பியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றோம். எலும்பு சின்னதுதான், ஆனால் அதன் போக்கில் ஒழுங்காக வளர்கிறது என்றார். பிறகு ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார்.

"நின்னுக்கிட்டுதாங்க இருக்கோம்" என்றார் என் கணவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டார். உலகத்தில் உள்ள காரணங்களையெல்லாம் தேடிய எனக்கு, தினமும் ஏறி இறங்கும் மர மேடை மட்டும் ஞாபகம் வரவில்லை.

மகள் இப்போது பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் முதல் ஆள். ஆனாலும் போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இப்போதே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதை மடித்து வைக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. என்ன அவசரம், ஒரே ஒரு தடவை 'போதும்' என்று சொல்லேன் என்று அதே ஏற்பியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.